விண்டோஸ் 11 ஏற்றியபின் கணினி எழும்பவில்லையா? ஃபோமட் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அதன் பிறகு வீடுகளிலும் ரியூஷன் வகுப்புகளிலும் ஃபோட்டோக் கொப்பிக் கடைகளிலும் இருக்கும் பழைய கணினிகளில் விண்டோஸ் 11ஐ ஏற்றுவது திருகோணமலையிலும் சாதாரண விடயமாகிவிட்டது. இங்கே புழங்கும் மேசைக் கணினிகள் பல, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வகைகள். நான்காம், ஆறாம் தலைமுறை இன்டெல் சிப் கொண்டவை. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றினால் பல கணினிகளில் ஏறும், ஓடும். சிலவற்றில் ரீஸ்டார்ட் ஆகும் இடத்தில் நின்றுவிடும்.

அந்த நேரத்தில் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: கணினி எழும்பாததும் உள்ளே இருக்கும் ஃபைல்கள் போனதும் வேறு வேறு விடயங்கள். மேம்படுத்தல் குழம்பும்போது கெடுவது பெரும்பாலும் விண்டோஸைத் தொடக்கி வைக்கும் சிறு பகுதி, அல்லது ஏதோ ஒரு பாகத்தை இயக்கும் டிரைவர் மென்பொருள், அல்லது விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளில் யாரோ மாற்றிய ஒரு தெரிவு. பிள்ளையின் உயர்தரக் குறிப்புகளும் கல்யாணப் படங்களும் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கும். அவற்றை அழிப்பது மேம்படுத்தல் அல்ல, அவசரத்தில் அடிக்கும் ஃபோமட்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

எஸ்எஸ்டி உள்ள கணினியில் மேம்படுத்தல் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியலாம். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் நான்கைந்து மணித்தியாலம் எடுத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேசிங்கின் முன்புறத்தில் உள்ள டிஸ்க் லைட்டைப் பாருங்கள். அது விட்டு விட்டு மின்னினால் வேலை நடக்கிறது, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். லைட்டும் அணைந்து, திரையிலும் இரண்டு மூன்று மணித்தியாலமாக எந்த அசைவும் இல்லை என்றால் மட்டும் பவர் பொத்தானைப் பத்து செக்கன் அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

நடுவில் கரண்ட் போனால்? பயப்பட வேண்டாம். விண்டோஸ் அடுத்த முறை எழும்பும்போது தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்ப முயலும். திரும்புவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் மீண்டும் அணைப்பதுதான் உண்மையான கெடுதி. சாதாரண 650 விஏ யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும், மேம்படுத்தலின் ரீஸ்டார்ட் பகுதி அதைவிட நீளம். ஆகவே மின்சார சபை மின்தடை அறிவித்த நாளிலும், மாரியில் இடி மின்னல் உள்ள மாலையிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எந்த இடத்தில் நிற்கிறது

"வேலை செய்யவில்லை" என்பது போதாது. திரையில் ஒன்றுமே வரவில்லையா, கம்பனி லோகோ வந்து டிஸ்க் இல்லை என்று சொல்கிறதா, விண்டோஸ் வட்டம் சுழன்று மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா, கடவுச்சொல் அடித்தபின் கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறதா? நான்குக்கும் மருந்து வேறு. திரையில் வரும் வசனத்தைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பழைய நீலத் திரை விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் கறுப்பாக வருகிறது. நிறம் மாறினாலும் அடியில் இருக்கும் ஸ்டொப் கோட் என்ற பிழைக் குறியீடுதான் முக்கியம்.

திரையில் ஒன்றுமே வராவிட்டால்

கம்பனி லோகோகூட வராத கணினியில் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது, அது இன்னும் தொடங்கவே இல்லை. மேம்படுத்தலின்போது கணினி பல மணி நேரம் சூடாக ஓடி, பல தடவை ரீஸ்டார்ட் ஆகிறது. ஏற்கெனவே பலவீனமாக இருந்த பாகம் அந்த நேரத்தில்தான் கைவிடும். நிலாவெளி, குச்சவெளி, திருக்கடலூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று ராமின் பொன்னிறத் தொடுகைகளில் படலம் போல் படியும். கச்சான் காற்றுக் காலத்துத் தூசி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பதினைந்து செக்கன் அழுத்தி மிச்ச மின்சாரத்தை விடுங்கள். கேசிங்கின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். மென்மையான வெள்ளை அழிறப்பரால் தொடுகைகளை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படலத்தைக் கூட்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. "டக்" என்று இரு பக்கப் பூட்டும் விழ வேண்டும்.

அப்போதும் மின்விசிறி சுற்றித் திரை இருட்டாக இருந்தால், விண்டோஸ் 11க்காக பயோஸில், பழைய தொடக்க முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்ற தெரிவை யாராவது அணைத்தார்களா என்று கேளுங்கள். யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை அறியாத பழைய கிராஃபிக்ஸ் கார்ட், சிஎஸ்எம் இல்லாமல் படம் காட்டாது. கார்டைக் கழற்றி, மொனிட்டர் வயரை மதர்போர்டின் சொந்த இணைப்பில் செருகுங்கள். அப்படி இணைப்பு இல்லாத மதர்போர்டென்றால் நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் போட்டால் பயோஸ் ஆரம்ப நிலைக்கு வரும்.

அந்தப் பற்றரியைக் கழற்றும்போதே அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட் காட்டும். 2.8க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். செத்த பற்றரி உள்ள கணினி ஒவ்வொரு கரண்ட் தடைக்கும் பயோஸ் தெரிவுகளை மறக்கும். நாளும் நேரமும் பல வருடம் பின்னால் காட்டினால் இதுதான் காரணம். இதிலிருந்து பிறக்கும் கோளாறு அடுத்த பகுதியில் வருகிறது.

டிஸ்க் இல்லை என்று சொன்னால்

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தவுடன் புது டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். பயோஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2, வேறு பல மதர்போர்டுகளில் டிலீட் விசை. பெயரே தெரியாவிட்டால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயரைக் கழற்றிப் பூட்டுங்கள், வேறு வயர் போட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, பயோஸ்தான் அதைத் தவறான முறையில் அணுகுகிறது.

இரண்டு தெரிவுகள் முக்கியம். முதலாவது லெகசி என்ற பழைய தொடக்க முறையா யூஈஎஃப்ஐயா என்பது. பழைய விண்டோஸ் 7 காலத்திலிருந்து தொடர்ந்து வரும் டிஸ்க்குகள் பல எம்பிஆர் என்ற பழைய பகுதிப் பிரிப்பு முறையில் இருக்கும், அவை லெகசியில்தான் எழும்பும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்புத் தெரிவை இயக்குவதற்காக யூஈஎஃப்ஐக்கு மாற்றினால் அந்த டிஸ்க்கிலிருந்து எழும்பாது. பழையபடி லெகசிக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் அந்த நிமிடமே எழும்பும். யூஈஎஃப்ஐ வேண்டுமென்றால் ஃபைல்களைக் கொப்பி எடுத்தபின், விண்டோஸில் உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை மாற்றிவிட்டுத்தான் பயோஸைத் தொட வேண்டும். டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் முதன்மைப் பகுதிகள் இருந்தால் அந்தக் கருவி மறுத்துவிடும்.

இரண்டாவது சாட்டா ஒப்பரேஷன், அதாவது கணினி டிஸ்க்கோடு பேசும் முறை: ஏஎச்சிஐயா ரெய்டா என்பது. டெல் கணினிகள் பல ரெய்ட் என்ற தெரிவோடுதான் வருகின்றன. யாரோ அதை ஏஎச்சிஐக்கு மாற்றி விண்டோஸ் ஏற்றியிருப்பார். பற்றரி செத்து பயோஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பியதும் மீண்டும் ரெய்ட் ஆகிவிடும். விண்டோஸ் லோகோ வரை வந்து "இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்" என்ற ஸ்டொப் கோடோடு விழும். பார்ப்பவர்கள் மேம்படுத்தலால் வந்தது என்று நினைப்பார்கள். தெரிவை மறுபக்கம் மாற்றி ஒரு தரம் ஓடவிட்டுப் பாருங்கள். இதற்கு ஒரு நிமிடம்தான் செலவு.

பயோஸில் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுங்கள். டிபிஎம் பகுதியில் "கிளியர்" என்று இருப்பதை அழுத்தவே வேண்டாம். அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டின் சாவியை எறிவதற்குச் சமம்.

48 இலக்கச் சாவி கேட்டால்

இது லெப்டொப்களில் அதிகம். டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்து, பயோஸில் ஏதாவது மாறினால் 48 இலக்கச் சாவி கேட்கும். மாற்றியதைப் பழையபடி வைத்தாலே சில நேரம் கேட்பது நின்றுவிடும். நிற்காவிட்டால், அந்த லெப்டொப்பில் பாவித்த மைக்ரோசொப்ட் கணக்கில் கைபேசியால் நுழைந்து, சாதனங்கள் பட்டியலில் பிட்லொக்கர் சாவியைத் தேடுங்கள். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் உள்ளதோடு பொருந்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மாமாவோ அனுப்பிய லெப்டொப் என்றால் சாவி அவருடைய கணக்கில் இருக்கக் கூடும், ஒரு வட்ஸ்அப் செய்தி போதும். அலுவலக லெப்டொப் என்றால் அங்கே கணினிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். சாவி எங்கும் இல்லாவிட்டால் அந்த ஃபைல்களை யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

முதலில் ஃபைல்கள், பிறகு திருத்தம்

விண்டோஸ் வட்டம் வரை வருகிறது, ஆனால் உள்ளே போகவில்லை என்றால் மீட்பு மெனுவைத் திறக்க வேண்டும். வட்டம் சுழலத் தொடங்கியதும் பவர் பொத்தானை அணையும் வரை அழுத்துங்கள். இப்படி இரண்டு தரம். மூன்றாம் தரம் தொடாமல் விட்டால் ஒட்டோமேட்டிக் ரிப்பேர் வரும், அங்கே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது.

மெனு வரவே இல்லை என்றால் வேறொரு கணினியில் மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூலை எடுத்து, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11ஐ ஏற்றுங்கள். அதில் உள்ள எல்லாம் அழியும் என்பதால் வெறும் பென் வேண்டும். இறங்குவது பல ஜிபி, இரவு நேர டேட்டா உள்ளவர்கள் இரவில் போடலாம். பென்னைச் செருகி பூட் மெனுவைத் திறக்க: டெல், லெனோவோ, கிகாபைட்டில் எஃப்12, எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐயில் எஃப்11. முதல் திரைகளில் "ரிப்பேர்" என்ற தெரிவைத் தேடுங்கள், "இன்ஸ்டால்" அல்ல. புதிய லெப்டொப்களில் இன்டெல் விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக முறை இயங்கினால் பென்னிலிருந்து பார்க்கும்போது டிஸ்க் தெரியாது. அதற்குரிய இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரைச் சேர்த்தால் தெரியும், டிஸ்க் செத்ததாக அர்த்தம் இல்லை.

மெனுவுக்குள் வந்ததும் திருத்தத் துடிக்காமல் ஃபைல்களை வெளியே எடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், கொமாண்ட் ப்ரொம்ப்ட். கறுப்புச் சாளரத்தில் நோட்பாட் (notepad) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடியுங்கள். ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே ஃபைல் வகையை "ஓல் ஃபைல்ஸ்" ஆக்குங்கள். இப்போது அந்தச் சிறு சாளரமே உங்கள் எக்ஸ்ப்ளோரர். விண்டோஸ் இருக்கும் டிரைவ் இங்கே சி (C) என்ற எழுத்தில் இல்லாமல் டி (D) அல்லது ஈ (E) என்ற எழுத்தில் தெரியலாம், உள்ளே யூசர்ஸ் ஃபோல்டர் இருப்பதுதான் அது. உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் டெஸ்க்டொப், டொகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை வலது கிளிக்கில் கொப்பி செய்து, இரண்டாவது பென்னிலோ வெளி டிஸ்க்கிலோ பேஸ்ட் செய்யுங்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, சாளரம் உறைந்தது போல் நிற்கும். பொறுங்கள். ஒவ்வொரு ஃபோல்டராக எடுப்பது நல்லது. ஃபாட்32 முறையில் உள்ள பென்னில் 4 ஜிபியை மீறும் தனி ஃபைல் ஏறாது, நீளமான வீடியோக்கள் உள்ளவர்கள் எக்ஸ்ஃபாட் பென் பாவியுங்கள்.

டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டர் திறக்கப் பல நிமிடம் எடுத்தாலோ அத்தோடு நிறுத்துங்கள். டிஸ்க் தன் கடைசி நாட்களில் இருக்கிறது. டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கருவியை ஓடவிட்டால் அது டிஸ்க் முழுவதையும் படித்து மிச்ச உயிரையும் எடுக்கும். கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் மூலம் வேறு கணினியில் மிக முக்கியமான ஃபோல்டரை முதலில் கொப்பி எடுங்கள்.

திருத்தும் வரிசை

மேம்படுத்திப் பத்து நாளுக்குள் என்றால் முதல் தெரிவு அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். உள்ளே இரண்டு இருக்கும். பதிப்பே மாறியிருந்தால் "ஃபீச்சர் அப்டேட்", மாதாந்த அப்டேட்டுக்குப் பிறகு விழுந்திருந்தால் "குவாலிட்டி அப்டேட்". முதலாவது, விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் சேமித்த பழைய பதிப்பை மீண்டும் அமர்த்தும். இடம் போதவில்லை என்று அந்த ஃபோல்டரை அழித்திருந்தால் இந்த வழி இல்லை.

சரிவராவிட்டால் ஸ்டார்ட்அப் ரிப்பேர். ஒரு முறை முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு முறை ஓடவிடுங்கள். அது கைவிரித்தாலும் டிஸ்க் போய்விட்டது என்று பொருள் இல்லை. அடுத்து ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4ஐ அழுத்தி சேஃப் மோட். அதில் எழும்பினால் விண்டோஸ் நன்றாக இருக்கிறது, ஏதோ ஒரு டிரைவரோ அன்டிவைரஸோதான் தடை. நுழையும்போது வழமையான பின் (PIN) இலக்கம் எடுபடாவிட்டால் கணக்கின் கடவுச்சொல்லை அடியுங்கள். வெளியிலிருந்து போட்ட அன்டிவைரஸை நீக்குங்கள், டிவைஸ் மனேஜரில் கிராஃபிக்ஸ் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், பிரிண்டரையும் டொங்கிளையும் கழற்றிவிட்டுச் சாதாரணமாக எழுப்புங்கள். கடவுச்சொல்லுக்குப் பின் கறுப்புத் திரையில் அம்பு மட்டும் தெரியும் கணினிக்கும் இதே மருந்துதான். அதற்கு முன் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்தியபடி பி விசையைத் தட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் அதில் மறுபடி தொடங்கும்.

பூட் கொன்ஃபிகரேஷன் டேட்டா இல்லை அல்லது பழுது என்று வசனம் வந்தால் தொடக்கப் பகுதியைக் கையால் எழுத வேண்டும். யூஈஎஃப்ஐ கணினிக்கான வரிசை இது. ஒவ்வொரு கட்டளைக்கும் அருகே அடைப்புக்குள் ஆங்கிலத்தில் உள்ளதை அதே இடைவெளிகளோடு தட்டி என்டர் அடியுங்கள்:

1. டிஸ்க்பார்ட் (diskpart)
2. லிஸ்ட் வொல்யூம் (list volume). ஃபாட்32 என்று எழுதியிருக்கும், 100 எம்பியிலிருந்து சில நூறு எம்பி வரை அளவுள்ள வரியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபாட்32 பென் செருகியிருந்தால் அதுவும் பட்டியலில் வரும், அளவை வைத்துப் பிரித்தறியுங்கள். விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.
3. செலெக்ட் வொல்யூம் 3 (select volume 3). 3க்குப் பதில் நீங்கள் குறித்த இலக்கம்.
4. அசைன் லெட்டர்=எஸ் (assign letter=S)
5. எக்ஸிட் (exit)
6. பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஈஎஃப்ஐ (bcdboot C:\Windows /s S: /f UEFI)

விண்டோஸ் டி (D) எழுத்தில் தெரிந்தால் ஆறாவது வரியில் சி (C) எழுத்துக்குப் பதில் டி. "பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுலி கிரியேட்டட்" என்று வந்தால் முடிந்தது. டிஸ்க்பார்ட்டுக்குள் இருக்கும்போது "கிளீன்" என்ற கட்டளையை ஒருபோதும் தட்டாதீர்கள். இணையத்தில் பல வழிகாட்டிகள் புது டிஸ்க்குக்கு எழுதியதை அப்படியே தருகின்றன. அந்த ஒரு சொல் டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் பட்டியலிலிருந்து அழித்துவிடும்.

கடைசியில்தான் ரீசெட் திஸ் பிசி. "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைத் தெரிவு செய்தாலும் போட்ட மென்பொருட்கள் போய்விடும். தமிழ் எழுத்துருக்கள், கணக்குப் பதியும் மென்பொருள் ஆகியவற்றின் மூலப் பிரதி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

திருத்தியும் எழும்பாத கணினிகள்

கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் சிப் உள்ளவற்றில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது. அந்தப் பதிப்பு பொப்கவுண்ட், எஸ்எஸ்ஈ4.2 என்ற சிப் கட்டளைகளைக் கட்டாயமாக்கியது, அவை இந்தச் சிப்களில் இல்லை. லோகோவில் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகும். எந்தக் கட்டளையாலும் திருத்த முடியாது. ஃபைல்களை எடுத்துவிட்டு விண்டோஸ் 10க்குத் திரும்பலாம். அதற்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை. அதற்குமேல் படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றுவதே இந்தக் கணினிகளுக்கு நல்லது.

கடைக்குக் கொண்டுபோவதானால்

மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் கேசிங்கை மட்டும் கொண்டுவந்தால் போதும். மொனிட்டரும் விசைப்பலகையும் தேவையில்லை. உள்ளே இருப்பது சுழலும் டிஸ்க் என்றால் கேசிங்கைத் துவாயில் சுற்றி மடியில் வையுங்கள், தரையில் வைத்தால் குலுக்கல் முழுவதும் டிஸ்க்குக்கே போகும். எப்போது மேம்படுத்தியது, எந்த இடத்தில் நிற்கிறது, பயோஸில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி கேசிங்கில் ஒட்டுங்கள். எடுத்த படங்களைக் காட்டுங்கள். அதே தாளில் பெரிய எழுத்தில் "ஃபைல்களைக் கொப்பி எடுக்காமல் ஃபோமட் அடிக்க வேண்டாம்" என்று எழுதி, எந்த ஃபோல்டர்கள் தேவை என்பதையும் கீழே குறிப்பிடுங்கள். திரும்ப எடுக்கும்போது காசு கொடுப்பதற்கு முன், அங்கேயே கணினியை எழுப்பி அந்த ஃபோல்டர்களில் இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.